பின் சக்கர பிரேக் பேட்: கம்பெனிப் பெட்டியா, கடைப் பெட்டியா?

கொடைக்கானலில் இருந்து இறங்கி, காமக்காபட்டி தாண்டி ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தியதும் கருகல் வாடை மூக்கில் ஏறியது. இடது பின் சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோக முடியவில்லை, அத்தனை அனல். வலது பின் சக்கரம் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. வண்டி 2008ஆம் ஆண்டு ஹோண்டா சிவிக். நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக். மதுரைக்கு வந்ததும் பின் பேட்களை, அதாவது டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டைகளை, மாற்றுவது என்று முடிவாயிற்று. எதைப் போடுவது என்பதில் வீட்டுத் திண்ணையில் இருந்து பட்டறை வரை ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

கார் கம்பெனியின் பெயர் போட்ட பெட்டியில் வரும் பேட் இம்மி பிசகாமல் உட்காரும். சத்தம் வராது. வண்டி வடிவமைக்கப்பட்டபோது முன் பிரேக்குக்கும் பின் பிரேக்குக்கும் வைத்த விகிதம் அப்படியே காக்கப்படும். ஆனால் விற்பனை நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்ட வண்டிக்கு அது கைவசம் இருப்பதில்லை; சொல்லி வைத்துக் காத்திருக்க வேண்டும். விலையும் அதிகம்.

வெளி வீதிப் பக்கம் உதிரிபாகக் கடையில் கேட்டபோது, பெயர் பெற்ற இந்தியத் தயாரிப்பு ஒன்று அதில் பாதிக்கும் குறைந்த விலையில் கிடைத்தது. இதை மட்டம் என்று ஒதுக்குவது சரியல்ல. பிரேக்ஸ் இந்தியா, ரானே, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் மூன்றும் நம் மாநிலத்தில் வேர்விட்ட நிறுவனங்கள்; வண்டித் தயாரிப்பாளர்களுக்கே பிரேக் பொருள்கள் கொடுப்பவை. சுந்தரத்தின் ஆலை ஒன்று நமக்குப் பக்கத்தில், மல்லாங்கிணறு அருகே முஷ்டக்குறிச்சியிலேயே இருக்கிறது.

கடையில் பெட்டியைப் பிரித்து, பேட்டின் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பொடி எழுத்துகளின் வரிசையில் இரண்டு ஆங்கில எழுத்துகள் சேர்ந்து நிற்கும். முதலாவது சாதாரணச் சூட்டில் எவ்வளவு பிடிக்கும் என்பதையும், இரண்டாவது கடும் சூட்டில் எவ்வளவு பிடிக்கும் என்பதையும் சொல்லும். ‘ஈ’ என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45 வரை; ‘ஜி’ அதற்கும் மேலே. இந்த எழுத்துகளே இல்லாத பேட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பிடிப்பு கூடினால் நல்லதுதானே என்று பின்பக்கத்துக்கு ‘ஜி’ தேடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது ஆபத்து. பிரேக் மிதிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரங்களுடையது. பின் பேட் முன்னதைவிட அதிகம் பிடித்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லாத வண்டியில், மழை ஈரத்தில் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வால் பக்கம் வீசிவிடும். முன் சக்கரப் பேட்டில் இருக்கும் எழுத்தைத் தாண்டாத பேட்டைத்தான் பின் சக்கரத்துக்குப் போட வேண்டும். செராமிக் பேட்டில் கரித்தூள் குறைவு, சத்தமும் குறைவு. பின் சக்கரத்துக்கு அந்தச் செலவு தேவையில்லை.

ஆக, கடைப் பெட்டியை வாங்கிக்கொண்டு தெப்பக்குளம் பக்கத்துப் பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் அண்ணன் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “பேட் இருக்கட்டும் தம்பி, பழையதை முதலில் பார்ப்போம்” என்று, பேட்களை டிஸ்க் மேல் அழுத்தும் கவ்வியான காலிபரை இடது பின் சக்கரத்தில் கழற்றினார். வெளிப்பக்க பேட்டில் நகக்கண் அகலத்துக்குச் சதை மிச்சம் இருந்தது. உள்பக்க பேட்டோ இரும்புத் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே நாளில் போட்டவை.

காரணம் கைடு பின். காலிபர் இரண்டு பின்கள் மேல் முன்னும் பின்னும் வழுக்கினால்தான் இரு பக்கப் பேட்டும் சமமாக அழுத்தும், காலை எடுத்ததும் சமமாக விடும். ரப்பர் உறை கிழிந்து, மழைநீரும் புழுதியும் புகுந்து, ஒரு கைடு பின் துருவேறி இறுகிப்போயிருந்தது. பேட் டிஸ்க்கை விடாமல் உரசியே மலைப்பாதையில் அப்படிக் காய்ந்திருக்கிறது. இந்த நிலையில் எந்தப் பெட்டியைப் பிரித்துப் போட்டிருந்தாலும் கதி ஒன்றுதான்.

இன்னொரு காயமும் தெரிந்தது. முன்பு வேறொரு பட்டறையில் பேட் மாற்றியபோது, காலிபருக்குள் பேட்டைத் தள்ளும் பிஸ்டனைக் கிளாம்ப் போட்டு நெருக்கித் தள்ளியிருக்கிறார்கள். இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக்கின் பொறியமைப்பு பின் காலிபருக்குள்ளேயே இருப்பதால் பிஸ்டனை வலஞ்சுழியாகத் திருகித்தான் உள்ளே இறக்க வேண்டும். நெருக்கினால் உள்ளே இருப்பது கெடும். அண்ணன் அதற்குரிய கருவியால் நிதானமாகத் திருகி, பிஸ்டன் முகத்தில் உள்ள வெட்டு, பேட்டின் முதுகில் உள்ள குமிழில் பொருந்தும்படி நிறுத்தினார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மனம் நிறைந்தது.

விலை வித்தியாசத்தில் மிஞ்சிய பணம் புதிய கைடு பின்கள், ரப்பர் உறைகள், பிரேக்குக்கென்று வரும் சிலிகோன் கிரீஸ் ஆகியவற்றுக்குப் போனது. சாதாரண கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதிப்போகும். பிரேக் ஆயிலையும் மாற்றினேன். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 வகை ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும், ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடும். ஆயில் கொதித்தால் மிதித்தும் பிரேக் பிடிக்காது; மலை இறங்குகிறவர்கள் பேட்டைவிட இதற்கு அஞ்ச வேண்டும்.

முதல் 300 கிலோமீட்டர் அதிரடியாக மிதிக்காமல் பேட்டைப் பழக்கினேன். போன வாரம் மறுபடியும் கொடைக்கானல் போய், இரண்டாவது கியரிலேயே பெரும்பாலும் இறங்கி, அதே டீக்கடையில் நிறுத்தினேன். இரண்டு பின் சக்கரங்களின் பக்கமும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒரே சூடு.