படுக்கையறை குளிரவில்லையா? பெரிய யூனிட் வாங்கும் முன் கதவைத் திறந்து பாருங்கள்

டக்ட் ஏசி (ஒரே யூனிட்டிலிருந்து குழாய்கள் வழியே எல்லா அறைகளுக்கும் குளிர்காற்று போகும் ஏற்பாடு) உள்ள வீட்டில் ஓர் அறை மட்டும் குளிரவில்லை என்று கூப்பிட்டால், வருகிறவர் வாயில் முதலில் வருவது "யூனிட் பத்தாது சார்" என்பதுதான். எங்களிடமும் அதையே சொல்லி, நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் கழற்றிவிட்டுப் பெரியதை மாட்டினார்கள். எதையும் அளந்து பார்க்கவில்லை.

அப்புறம்தான் கூத்து. படுக்கையறைக் கதவைச் சாத்தினால் அடியில் விசில் சத்தம். ஹால் சட்டென்று குளிர்ந்து யூனிட் நின்றுவிடும், அறையில் அதே புழுக்கம். கொஞ்ச நேரமே ஓடுவதால் ஈரப்பதமும் இறங்கவில்லை. புகார் செய்தபோது வந்தவர் ஹாலில் குளிர்காற்று வரும் வென்ட்டுகளை மூடிவிட்டுப் போனார். காற்றோட்டம் குறைந்து யூனிட்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் காயிலில் ஐஸ் கட்டியதுதான் மிச்சம்.

கடைசியில் வேறொருவரை அழைத்தோம். அழுத்தத்தை அளக்கும் மானோமீட்டரின் ட்யூபைக் கதவடியில் நுழைத்து, கதவைச் சாத்தினார்: அறைக்கும் ஹாலுக்கும் அழுத்த வித்தியாசம் 9 பாஸ்கல். கதவை லேசாகத் திறந்ததும் பூஜ்யத்தை ஒட்டி வந்துவிட்டது. 3 பாஸ்கலுக்குள் இருக்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் ரிட்டர்ன் கிரில், அதாவது காற்று யூனிட்டுக்குத் திரும்பிப் போகும் வழி, ஹாலில் மட்டும்தான். கதவைச் சாத்தினால் அறைக்குள் போன காற்று திரும்பிவர வழியில்லை. மூடிய பாட்டிலுக்குள் ஊதுகிற கதைதான். அறை காற்றை ஏற்காது. ஹாலோ குறைகிற காற்றுக்கு ஈடாக, சந்துபொந்து வழியே வெளிக்காற்றைத் தூசியோடு இழுக்கும். புகைக்குழாய் வைத்த கேஸ் ஹீட்டர் வீட்டுக்குள் இருந்தால் அதன் புகையும் உள்ளே திரும்பலாம். அதில் கார்பன் மோனாக்சைடு வரலாம், விளையாட்டல்ல.

அவர் செய்தது சின்ன வேலை. இடைச்சுவரின் பொந்து வழியே காற்று போகும்படி இரண்டு கிரில்கள்: அறைப்பக்கம் மேலே, ஹால் பக்கம் கீழே. நேருக்கு நேர் இல்லாததால் பேச்சுச் சத்தம் அவ்வளவாகக் கடப்பதில்லை. இப்போது கதவு சாத்தியிருந்தாலும் 2 பாஸ்கல்தான்.

உங்களிடம் யாராவது பெரிய யூனிட் விற்க வந்தால், கதவைச் சாத்தியும் திறந்தும் அளந்த அழுத்தத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். கருவி இல்லையா? கதவை ஒருக்களித்து வைத்தாலே அறை குளிர்கிறதா என்று நீங்களே பாருங்கள். குளிர்ந்தால் கோளாறு பெரும்பாலும் ரிட்டர்னில்தான்.

பழைய நிறுவனத்திடம் இந்த அளவுகளைக் காட்டிப் பணம் கேட்டோம். "கதவைத் திறந்தே வைக்க வேண்டியதுதானே" என்றார்கள். பெரிய யூனிட்டைத் திரும்ப எடுக்கவும் மறுத்துவிட்டார்கள்.