நோஸ்கிரிப்ட்: மவுஸைத் தொடாமல் அனுமதி கொடுப்பது, நீண்டகாலப் பாவனை அனுபவம்

நோஸ்கிரிப்ட் என்பது பயர்பொக்ஸ் உலாவியில் சேர்க்கும் நீட்சி. இணையப்பக்கங்களில் ஓடும் ஸ்கிரிப்டுகளை, அதாவது சிறு நிரல்களை, எந்தத் தளத்திலிருந்து வருகின்றன என்று பார்த்து நாம் அனுமதிக்கும்வரை தடுத்துவைக்கும். அதன் அனுமதிச் சாளரத்தைத் திறக்க ஆல்ட் + ஷிப்ட் + என். வன்னியில் இதைப் பாவிப்பவர்களுக்கு முதல் இடைஞ்சலே அங்கேதான். கிளிநொச்சியிலும் மல்லாவியிலும் ஒன்லைன் படிவம் நிரப்பிக் கொடுக்கும் கடைகளில் ஒரே கணினியில் தமிழும் ஆங்கிலமும் மாறிமாறி அடிபடும். விண்டோஸில் மொழி மாற்றுவதும் இடப்பக்க ஆல்ட் + ஷிப்ட்தான். 'என்' விசை சரியாக அழுந்தாவிட்டால் சாளரம் திறக்காது, மொழி மாறிவிடும். கடவுச்சொல் பிழை என்று வந்த பிறகுதான் அது தெரியவரும்.

நல்ல தீர்வு எஃப்8. கண்ட்ரோல் + ஷிப்ட் + ஏ அடித்து நீட்சிகள் பக்கத்துக்குப் போங்கள். பற்சக்கரப் பட்டியலில் குறுக்குவிசைகளுக்கான பகுதியைத் திறந்து, நோஸ்கிரிப்டின் கட்டத்தில் எஃப்8 ஐ அழுத்துங்கள். எஃப்7, எஃப்9 இரண்டுக்கும் பயர்பொக்ஸில் ஏற்கெனவே வேறு வேலை உண்டு. கண்ட்ரோல் + ஆல்ட் சேர்க்கையும் வேண்டாம், சில விசைப்பலகை அமைப்புகளில் அது வலப்பக்க ஆல்ட் ஆக எடுபடும். சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும்.

சாளரத்துக்குள் டாப், அம்புக்குறி விசைகளால் தளப்பெயர்களுக்கு இடையே நகரலாம். தமிழ் விசைப்பலகை இயங்கும்போதும் இவை மாறாது.

எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டியது, அனுமதியை மாற்றிச் சாளரத்தை மூடியதும் பக்கம் தானாக றீலோட் ஆகும் என்பது. பாதி நிரப்பிய படிவம் அழிந்துபோகும். ஆகவே முதலில் அனுமதி, பிறகு தட்டச்சு. ஒரு ஸ்கிரிப்ட் இன்னொன்றை அழைப்பதால் றீலோடுக்குப் பின் புதிய பெயர்கள் பட்டியலில் வரும். எஃப்8 ஐ மறுபடி அழுத்திப் பாருங்கள். 'நான் ரோபோ அல்ல' பெட்டி வராவிட்டால் கூகிள்.கொம், ஜிஸ்டாட்டிக்.கொம் இரண்டும் வேண்டும். ஒன்றை மட்டும் அனுமதித்தால் பெட்டி வராது. இவற்றுக்குத் தற்காலிக அனுமதியே கொடுங்கள். நிரந்தரமாகக் கொடுத்தால் நீங்கள் போகும் மற்றத் தளங்களிலும் அவை ஓடும். தற்காலிக அனுமதி உலாவியை மூடும்வரைதான், பலர் பாவிக்கும் கணினிக்கு அதுவே பொருத்தம்.

வங்கி அட்டையால் காசு கட்டும்போது நடுவில் எஃப்8 பக்கம் போகவே வேண்டாம். உறுதிப்படுத்தும் சட்டகம் வங்கியின் வேறு தளத்திலிருந்து வரும், அந்த நேரத்து றீலோட் கொடுப்பனவைக் குழப்பிவிடும். கட்டத் தொடங்கும் முன்பே அந்தத் தாவலுக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்கிவிடுங்கள். எல்லாத் தாவல்களுக்கும் நீக்கும் பொத்தான் பக்கத்திலேயே இருக்கும், அதைத் தொடாதீர்கள்.

பாமினி என்ற, யூனிகோட் அல்லாத பழைய தமிழ் எழுத்துருவில் எழுதிய தளம் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால், எழுத்துரு தடுபட்டிருக்கிறதா பாருங்கள். தனிப்பயன் தெரிவில் எழுத்துருவை மட்டும் அனுமதித்தால் போதும், ஸ்கிரிப்டைத் திறந்துவிடத் தேவையில்லை.

இவ்வளவு நுணுக்கம் வேண்டாம் என்பவர்களுக்கு யூபிளொக் ஒரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சி இருக்கிறது. தடுப்பைப் படிப்படியாகத் தளர்த்தும் கட்டளை அதில் உண்டு. அதற்குக் குறுக்குவிசையை மேலே சொன்ன அதே பகுதியில் நீங்களே வைக்க வேண்டும்.