எட்டா, ஒன்றா, ஒன்பதா? வீட்டுக் கணினிக்கு ஏற்ற டிஎன்எஸ்

டிஎன்எஸ் மாற்றினால் டவுன்லோடு வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் ஐபி எண்ணை, அதாவது இணையத்தில் அதன் எண் முகவரியை, தேடித் தருவதுதான் டிஎன்எஸ்ஸின் வேலை. அது மந்தமாக இருந்தால் பக்கம் திறக்க ஆரம்பிப்பதே தாமதமாகும். திறந்துவிட்ட பிறகு வேகம் பெரும்பாலும் உங்கள் பிளானைப் பொறுத்தது.

நாம் எதையும் தொடாதவரை, இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் சர்வர்தான் இந்த வேலையைப் பார்க்கும். பக்கத்திலேயே இருப்பதால் பல வீடுகளில் அதுவே போதும். எங்கள் வீட்டில் போதவில்லை. சாயங்காலமானால் எந்தத் தளமும் திறக்காது, ஆனால் கூகுளின் 8.8.8.8-க்குப் பிங் போட்டால், அதாவது அந்த எண் பதில் தருகிறதா என்று நேரடியாகச் சோதித்தால், பதில் வரும். அப்படியென்றால் இணைப்பில் கோளாறு இல்லை, படுத்துக்கொண்டது டிஎன்எஸ். போதாக்குறைக்கு, முகவரியைத் தப்பாக டைப் செய்தால் பிழைச் செய்திக்குப் பதில் விளம்பரப் பக்கம் வேறு.

முதலில் கூகுளின் 8.8.8.8-க்கு மாறினேன். 2009 டிசம்பரில் வந்தது. துணை எண் 8.8.4.4. 2014-இல் துருக்கியில் ட்விட்டரை முடக்கியபோது இந்த எண்ணை இஸ்தான்புல் சுவர்களிலேயே எழுதி வைத்தார்கள். மனப்பாடம் செய்ய இதைவிடச் சுலபமான எண் கிடைக்காது. உங்கள் ஐபியின் ஒரு பகுதியைத் தளத்தின் டிஎன்எஸ் சர்வருக்குச் சொல்வதால், வீடியோக்கள் அருகிலுள்ள சர்வரிலிருந்து வர வாய்ப்பு அதிகம். முழு ஐபியைத் தற்காலிகப் பதிவில் 24 முதல் 48 மணி நேரம்வரை வைத்திருப்பதாக கூகுளே சொல்கிறது. ஏற்கெனவே ஜிமெயில், ஆண்ட்ராய்டு என்று எல்லாம் அங்கே இருக்க, இதையும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கிளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் 1.1.1.1 வந்தது 2018 ஏப்ரல் 1 அன்று. முட்டாள்கள் தின விளையாட்டு என்று நினைத்தவர்களும் உண்டு. பதில் சட்டென்று வரும். மேலே சொன்னதுபோல் ஐபியின் பகுதியை அனுப்புவதில்லை. அந்தரங்கத்துக்கு நல்லது, எப்போதாவது தூரத்து சர்வர் வாய்த்துவிடும். 2025 ஜூலை 14 அன்று சுமார் ஒரு மணி நேரம் உலகெங்கும் முடங்கியதையும் சொல்லிவிட வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு 1.1.1.3 இருக்கிறது, ஆபாசத் தளங்களையும் தீங்கான தளங்களையும் தடுக்கும்.

கடைசியில் நான் நின்றது குவாட்9-இல். எண் 9.9.9.9. லாப நோக்கற்ற அமைப்பு. 2021-இல் சுவிட்சர்லாந்துக்கு இடம்பெயர்ந்தது. மோசடித் தளம் என்று பட்டியலில் உள்ள பெயருக்கு ஐபியைத் தராது. "இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும்" என்று லிங்க் வந்தால் உடனே தொட்டுப் பார்க்கும் அப்பா இருக்கும் வீட்டில், சில மில்லிசெகண்டு வேகத்தைவிட இது பெரிது. எல்லா மோசடியும் இதில் சிக்காது, நேற்று முளைத்த தளம் தப்பிவிடலாம்.

சிலர் டிஎன்எஸ் எண் கேட்கும் முதல் பெட்டியில் 9.9.9.9, இரண்டாவதில் 8.8.8.8 என்று கலந்து போடுகிறார்கள். முதலாவது பதில் தரத் தாமதித்தால் கணினி இரண்டாவதைக் கேட்கும். அங்கே தடுப்பு கிடையாது. துணைக்கு குவாட்9-இன் 149.112.112.112 எண்ணையே போடுங்கள்.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க், அப்புறம் உங்கள் இணைப்பின் விவரத்தில் டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட் என்று போய் மேனுவலாக மாற்றலாம். அங்கேயே டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்ஸையும் (கேள்விகளை மறையாக்கி அனுப்பும் முறை) போட்டுவிடுங்கள். இல்லையென்றால் சர்வரை மாற்றினாலும் உங்கள் கேள்விகளை நடுவில் யாரும் படிக்கலாம். அந்தப் பக்கத்தில் ஐபிவி4, ஐபிவி6 என்று ஐபி எண்ணின் பழைய, புதிய வகைகள் இரண்டுக்கும் தனித்தனி இடம் இருக்கும். நான் ஐபிவி4-ஐ மட்டும் மாற்றிவிட்டு ஒரு வாரம் நிம்மதியாக இருந்தேன். கேள்விகள் ஐபிவி6 வழியாகப் பழைய சர்வருக்கே போய்க்கொண்டிருந்தன.