தண்ணீர்விட்டான் என்று நம்பி இரண்டு வருடம் வளர்த்தேன்

இணையத்தில் நாற்று விற்கும் ஒருவரிடம் தண்ணீர்விட்டான் என்ற மருந்துக் கிழங்குச் செடி மூன்று வாங்கினேன். அதன் இன்னொரு பெயரான சதாவரி என்றும் போட்டிருந்தார். கிழங்கு திரள ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும் என்று தெரியும், அதனால் அவசரப்படவில்லை. தண்ணீர் தேங்காமல் மேட்டுப்பாத்தி போட்டு, கொம்பு நட்டுக் கொடியை ஏற்றினேன். முள் இருந்தது. ஊசி ஊசியாக இலை, சின்ன வெள்ளைப் பூ. சந்தேகப்பட என்ன இருக்கிறது?

இரண்டு வருடம் கழித்துத் தோண்டினேன். விரல் பருமனில், இரு முனையும் கூம்பிய கிழங்குகள் கொத்தாக வந்திருக்க வேண்டும். வந்தது வெறும் வேர்.

அதற்கப்புறம்தான் செடியையே ஒழுங்காகப் பார்த்தேன். பூங்கொத்தில் பச்சைக்காகச் செருகுவார்களே, அந்த ஆஸ்பராகஸ் செட்டேசியஸ்தான் அது. அதன் கிளை விசிறி மாதிரி ஒரே தளத்தில் தட்டையாக விரியும். தண்ணீர்விட்டானில் அந்த ஊசிகள் (இலை என்கிறோம், உண்மையில் அவை உருமாறிய தண்டுகள்) லேசாக அரிவாள் போல வளைந்து, கொத்துக் கொத்தாக எல்லாப் பக்கமும் நிற்கும். பூவும் சரமாக வரும். ரெசிமோசஸ் என்ற தாவரப் பெயரே அதைத்தான் சொல்கிறது. செட்டேசியஸில் கிளை நுனியில் ஒன்றிரண்டுதான். பழம் பழுத்தால் இதில் கறுப்பு, தண்ணீர்விட்டானில் சிவப்பு. என் செடியில் கறுப்புப் பழத்தைப் பார்த்துவிட்டும் பேசாமல் இருந்தவன் நான்தான்.

விற்றவரைக் கேட்டால், "அதுவும் ஆஸ்பராகஸ்தானே சார்" என்கிறார். பேரினம் ஒன்றுதான், பொய் என்று சொல்ல முடியாது! விடாமல் கேட்டதில் மாற்றாக ஐந்து கிழங்கு அனுப்பினார். இந்த முறை நிஜமான தண்ணீர்விட்டான்தான். ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனியாக வெட்டியெடுத்தது. முளை கிளம்புவது கிழங்கிலிருந்து அல்ல, கிழங்குகள் எல்லாம் சேரும் அடித்தண்டிலிருந்து. அந்த மொட்டுள்ள துண்டு ஒட்டியிருக்காவிட்டால் கிழங்கு உலர்த்திப் பொடி செய்யத்தான் ஆகும், நட ஆகாது. ஐந்தும் மண்ணுக்குள்ளேயே அழுகிப்போயின.

வாங்குகிறவர்கள் அடித்தண்டு தெரிகிற மாதிரி வேர்ப்பகுதியையும், பக்கவாட்டிலிருந்து ஒரு கிளையையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் விட்டுவிடுங்கள். எனக்கு விற்றவருடைய விளம்பரத்தில் இன்றைக்கும் பெரிய கிழங்குக் கொத்து ஒன்று இருக்கிறது, பக்கத்திலேயே தட்டையான விசிறி இலை.