தோள்மூட்டு மாதிரி: பிசியோ மாணவர்கள் வாங்கலாமா?

நிஜ அளவில், தசைகளைக் கழற்றி மாட்டும்படி வரும் பிளாஸ்டிக் மாதிரி. தோள்மூட்டைச் சுற்றிப் பிடிக்கும் நான்கு தசைகளான ரொட்டேட்டர் கஃப் பகுதிக்காகவே வாங்கலாம். அவற்றில் மேலே இருக்கும் சுப்ராஸ்பைனேட்டஸைக் கழற்றிப் பார்த்தால், அதன் தசைநாண் தோள்பட்டை எலும்பின் மேல்நுனியான அக்ரோமியனுக்கு அடியில் எவ்வளவு குறுகலான சந்தில் நுழைந்து போகிறது என்பது பளிச்செனத் தெரிகிறது. கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது பலருக்கு வலி கிளம்புவது அந்த இடுக்கில்தான். சுப்ராஸ்பைனேட்டஸ், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டெரஸ் மைனர் மூன்றும் மேற்கை எலும்பின் பெரிய புடைப்பில் மேலிருந்து கீழாக ஒட்டுகின்றன. சப்ஸ்கேப்புலாரிஸ் மட்டும் முன்பக்கச் சிறிய புடைப்பில். நான்கையும் பிசகில்லாமல் செய்திருக்கிறார்கள், பாராட்ட வேண்டும்.

எலும்புகளை இணைக்கும் லிகமென்ட்டில்தான் கோட்டை விட்டிருக்கிறார்கள். தோள்பட்டை எலும்பைக் காறை எலும்போடு கட்டும் கோரகோகிளாவிகுலர் ஒரே பட்டையாக வார்க்கப்பட்டிருக்கிறது. கோனாய்டு, ட்ரெப்பிசாய்டு என இரண்டாகக் காட்டாமல், காறை எலும்பின் வெளிமுனை மேலே துருத்தும் காயத்தை எப்படிப் புரியவைப்பது? மேற்கை எலும்பின் தலை பொருந்தும் கிளெனாய்டு குழியைச் சுற்றிய குருத்தெலும்பு விளிம்பான லேப்ரமோ வெறும் பெயின்ட் கோடு. மேற்கையின் முன்பக்கத் தசையான பைசெப்ஸின் நீண்ட தலை (அதன் இரு தொடக்கங்களில் ஒன்று) அங்கே வந்து சேர்வது தெரியவே இல்லை. இந்த விலைக்கு இது பெரிய குறை.

தசைத் துண்டின் நுனியைப் பிடித்து இழுக்காதீர்கள், அதை மாட்டும் முளை ஒடிந்துவிடும். முளைக்குப் பக்கத்தில் பிடித்து நேராக எடுங்கள். துடைக்க ஸ்பிரிட் வேண்டாம், அச்சிட்ட எண்கள் அழியும், ஈரத்துணி போதும்.