விறகு: அப்பாவே பிளப்பதா, பிளந்ததை வாங்குவதா?

ஐப்பசி மழைக்கு முன் விறகு சேர்க்காவிட்டால் எங்கள் வீட்டு வெந்நீர் அடுப்பு புகைந்துகொண்டேதான் இருக்கும். அப்பாவுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருப்பதால் இந்த வருடம் யோசனையாகிவிட்டது.

அவரே பிளந்தால் காசு மிச்சம். வயலோரம் சீமைக்கருவேலம் நிறைய நிற்கிறது, நின்று எரியும், கரியும் நன்றாக விழும். எனக்குப் பயமெல்லாம் அதன் முள்தான். சர்க்கரையால் கால் மரத்துப்போனவருக்கு முள் ஏறியதே தெரியாது. புண் பெரிதான பிறகுதான் பார்ப்பார். மூச்சைப் பிடித்துக் கோடாரியை ஓங்கும்போது ரத்த அழுத்தமும் சட்டென்று ஏறும். பிளந்தே தீருவேன் என்றால் கெட்டியான ஷூ போட்டு, வெயில் ஏறுமுன் கொஞ்ச நேரம் மட்டும். அதுவும் பச்சையாக இருக்கும்போதே. காய்ந்த கருவேலம் இரும்பு மாதிரி.

வாங்கினால் உடம்புக்கு நிம்மதி, கைக்காசு போகும். கடையில் எடை போட்டுத் தருகிறார்கள். ஈர விறகில் பாதி எடை தண்ணீராகவே இருக்கலாம். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்னும், ஈரமானது மந்தமாகக் கேட்கும். முனையில் வெடிப்பு இருந்தால் இன்னும் நல்லது.

எதுவானாலும் செங்கல் மேல் அடுக்கி, மேலே மட்டும் தார்ப்பாய் போட வேண்டும். பக்கங்களை மூடினால் காயாது.

நான் வாங்குவதன் பக்கம்தான். சுள்ளி ஒடிப்பதும் அடுக்குவதும் அப்பாவுக்கு. கோடாரியை இன்னும் அவர் தரவில்லை, பேசிக்கொண்டிருக்கிறேன்.