தமனி அழுத்தம் அளக்க: உப்புநீர்க் குழாயா, ஒளியிழையா?

சென்னை ஐ.சி.யூ.க்களில் உப்புநீர் நிரப்பிய குழாய்தான் வழக்கம். விலை குறைவு, எப்போது வேண்டுமானாலும் மீண்டும் பூஜ்யம் வைக்கலாம் (வெளிக்காற்றின் அழுத்தத்தை 0 என்று கருவிக்குச் சொல்வது). ஆனால் டிரான்ஸ்டியூசர் (அழுத்தத்தை மின்சமிக்ஞையாக்கும் கருவி) இதய மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே இறங்கினாலே அளவு சுமார் 7 மி.மீ. பாதரசம் கூடிவிடும். காற்றுக்குமிழி சிக்கினால் அலை மழுங்கி, சிஸ்டாலிக்கை (இதயம் சுருங்கும்போதான உச்ச அழுத்தம்) குறைத்துக் காட்டும். உப்புநீர்ப் பையை அழுத்தும் பிரஷர் பேக்கை 300 மி.மீ. பாதரசத்திலேயே வையுங்கள். இறங்கினால் ரத்தம் குழாயில் பின்னேறி உறையும்.

ஒளியிழையில் சென்சார் தமனிக்குள் செல்லும் நுனியிலேயே இருக்கிறது: அதன் சவ்வு அழுந்தினால் பின்னாலுள்ள இடைவெளி சுருங்கி, திரும்பும் ஒளி மாறும். குமிழித் தொல்லை இல்லை. நுனியில் மின்சாரமும் இல்லை. பூஜ்யத்தை உள்ளே செலுத்தும் முன்பே வைக்க வேண்டும், இதுதான் பலர் தவறவிடும் இடம். கூர்மையாக மடித்தால் இழை முறியும். சென்னைப் புழுக்கத்தில் கனெக்டரில் ஈரமும் தூசியும் படிந்தால் ஒளி குறையும். மூடியைக் கடைசி நிமிடத்தில் கழற்றுங்கள்.

சாதாரணப் படுக்கைக்கு உப்புநீரே போதும். பலூன் பம்ப் (பெருந்தமனியில் பலூனை இதயத் துடிப்புக்கு ஏற்ப ஊதிச் சுருக்கி இதயத்துக்கு உதவும் கருவி) ஓடும் நோயாளிக்கு இழையைத் தயங்காமல் எடுங்கள். அங்கே அலையின் தாமதம்கூட ஆபத்து.